பொய்மீனுக்கு ஒரு கண்ணாடிச் சட்டை

மடிப்பக்கா தன் நாத்தனாருக்குப் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தாள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சிக்கு ஆளும் கிடையாது. அதனால்தான் அந்தக் கடன் அப்படிக் கனத்தது. வட்டிக்காரன் வந்தால் வாசலோடு பேசி அனுப்பிவிடலாம். நாத்தனார் வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அவள் வாயில் வருவதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

கடன் வாங்கிய பணம் ஊதாரித்தனமாகப் போய்விடவில்லை. முன்னறையில், மேசைமேல் நாலு போல்ட் போட்டு முடுக்கிய கடைசல் மெஷினாக உட்கார்ந்திருந்தது. மரக்கட்டையை அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே பூட்டிச் சுழலவிட்டு உளியைக் காட்டினால், கட்டை திரண்டு மீன் உடம்பாகும். அவள் கணவர் அதில் பொய்மீன் செய்தார். பெரிய மீனை ஏமாற்றுவதற்குத் தூண்டிலில் கட்டும் மரமீன். வயிற்றில் முள், வாலடியில் முள், மூக்கில் தூண்டில் நரம்பு கட்ட ஒரு வளையம், வாலில் ஒரு வளையம்.

ஒரு வருஷத்தில் திருப்பித் தருவதாகப் பேச்சு. ஒன்றரை வருஷம் ஓடிய பிறகு நாத்தனார் வந்தாள். தண்ணீரைக் குடித்து முடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"இங்க பாரும்மா, நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல. என் வீட்டுக் கூரை ஒழுகுது. கட்டில்ல எனக்குப் பாதி, பாத்திரத்துக்குப் பாதின்னு படுத்துக்கிடக்கேன். தம்பியாச்சேன்னுதான் கொடுத்தேன். இந்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். காசு இருந்தா என் கையில வை. இல்லன்னா மெஷினை வண்டியில ஏத்திக்கிட்டுப் போறேன். பதினெட்டுக்கே எடுத்துக்க ஆள் பாத்தாச்சு."

"அண்ணி, மறுநாள் சனிக்கிழமைதான் தூண்டில் போட ஏரியைத் திறக்கிறாங்க. திறந்துட்டா எங்க சரக்கு..."

"ஏரி திறந்தா மீனுக்குத்தான் கஷ்டம். எனக்கென்ன வந்துச்சு?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அதனால் சண்டை போடவும் வழியில்லை. மெஷின் போனால் வீட்டில் பிழைப்புக்கு வேறு கதி கிடையாது.

மடிப்பக்கா யார் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். பதினாறு வயதில் மாத்திரைக் கம்பெனியின் பெட்டி மடிக்கும் அறைக்குள் நுழைந்தாள். நரைத்த தலையோடு வெளியே வந்தாள். அந்த அறையில் எத்தனையோ பெண்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் மேற்பார்வையாளர் வெளியாட்களைக் கூட்டிவந்தால் நேரே இவள் மேசைக்குத்தான் வருவார். கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், கை மட்டும் அட்டையில் இருக்கும். தட்டை அட்டை அவள் கைக்குள் போனால் பெட்டியாகத்தான் கீழே இறங்கும். மடிப்பக்கா என்ற பேர் அங்கே ஒட்டியது. பிறகு மடிக்கும் யந்திரம் வந்தது. வந்த வாரமே தொண்டையில் அட்டை சிக்கிப் படுத்துக்கொண்டது. தேங்கிய வேலையை முடிக்க இவளைத்தான் கூப்பிட்டார்கள். முடித்துக் கொடுத்தாள். யந்திரத்தைப் பழுது பார்த்துவிட்டு, இவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிகாரம் இன்றைக்கும் ஐந்து நிமிஷம் பிந்தித்தான் ஓடுகிறது. அவள் பிந்தியதில்லை.

கணவர் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் இருந்தவர். அந்தப் புகை நெஞ்சைப் பிடித்துக்கொண்டதும் வேலையை விட்டார். ஏரிக்கரையில் கழுத்தை முன்னால் நீட்டி, அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்காருவார். பார்த்தவர்கள் கேலியாக வைத்த பேர் மீன்கொத்தி. கை சும்மா சொல்லக் கூடாது, தங்கக் கை. அவர் தீட்டிய மரமீனைத் தரையில் போட்டால் பூனை வந்து முகர்ந்து பார்க்கும். ஆனால் விற்கத் தெரியாது. யாராவது "நல்லாருக்கே" என்றால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார். அப்படித்தான் ஒன்றரை வருஷம் போயிற்று.

நாத்தனார் போன மறுநாளே மடிப்பக்கா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பத்துப் பதினைந்து பொய்மீன்களை அள்ளிப்போட்டுக்கொண்டு, தூண்டில் சாமான் விற்கும் பெரிய கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒன்றை எடுத்து, நரம்பில் கட்டி, கடைக்குள் வைத்திருந்த நீளத் தொட்டியில் இழுத்துப் பார்த்தார். அது இடுப்பை ஆட்டிக்கொண்டு நீந்தியது. அவர் இரண்டாம் தடவையும் இழுத்தார். மூன்றாம் தடவை அவருக்கே ஆசை வந்து இழுத்தார்.

"சரக்கு அருமையா இருக்கும்மா," என்றவர், அடுத்ததை எடுக்க டப்பாவுக்குள் கையை விட்டதும் "ஐயோ" என்று அலறினார். ஒரு முள் கட்டைவிரலில் ஏறியிருந்தது. அந்த முள்ளோடு இன்னொரு மீன், அந்த மீனோடு மற்றொன்று என்று கொத்தாக மேலே வந்தது.

ரத்தத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு சுவரைக் காட்டினார். சுவர் முழுக்கக் கம்பிக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் பளபளப்பான உறைக்குள் வெளியூர்க் கம்பெனிச் சரக்கு.

"இதைப் பாரு. தொங்கணும். உள்ள இருக்கிறது தெரியணும். கையைக் குத்தக் கூடாது. நீ டப்பாவுல அள்ளிக்கிட்டு வந்தா நான் என்ன, எடை போட்டா விக்கிறது? ஏரி திறக்கிறதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள, இந்த மாதிரி உறையில போட்டு நூறு கொண்டா. ஒண்ணுக்கு நூத்தி எண்பது. கையோட காசு."

நூறு மீன், நூற்று எண்பது. கணக்கு அவளுக்குத் தெருவில் இறங்குவதற்குள் வந்துவிட்டது. சரியாகப் பதினெட்டாயிரம். ஒரு மீன் குறைந்தாலும் மெஷின் வண்டியேறும்.

உறை செய்து தரும் கம்பெனி ஒன்றில் விசாரித்தாள். அங்கே இருந்த பையன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அச்சு வார்க்கத் தனிக் காசு. குறைஞ்சது ஐயாயிரம் பீஸ் எடுக்கணும்" என்றான்.

"எனக்கு நூறுதான் தம்பி வேணும்."

"நூறா? நீங்களே வீட்டுல செஞ்சுக்குங்க ஆன்ட்டி."

அவன் நக்கலாகச் சொன்னான். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

முதலில் வாய் மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பார்த்தாள். முள் பையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. பிறகு, புத்தகம் கட்டும் கடையில் முகப்புக்குப் போடுகிறார்களே, கெட்டியான கண்ணாடித்தாள், அதில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளை நிறுத்து வாங்கினாள். அச்சகத்தில் வெள்ளை அட்டையின் வெட்டுத்துண்டு கிடைத்தது. அச்சகக்காரரிடம் அவள் பேசிய பேச்சுதான் பேச்சு.

"எனக்குன்னு மெஷினைக் கழுவாதீங்க, மை மாத்தாதீங்க. வேற யாருக்காவது நீல மையில ரசீதுப் புத்தகம் ஓட்டுவீங்க இல்ல? அது முடிஞ்ச கையோட, மெஷின் நிக்கிறதுக்குள்ள என் அட்டையை உள்ள விடுங்க."

"ஏங்க்கா, பஸ் கிளம்புறப்ப ஓடிவந்து ஏறுறவங்க மாதிரி கேக்குறீங்க?"

"ஆமா. டிக்கெட்டும் பாதிதான் கொடுப்பேன்."

பாதிக்கே அடித்துக் கொடுத்தார். கழுத்தை நீட்டிய ஒரு பறவை, அதன் கீழே 'மீன்கொத்தி'. நீல மை அந்தப் பறவைக்கென்றே கரைத்தது போல அமைந்துவிட்டது. அவள் அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது கணவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேலிப் பேரையா போட்ட?"

"வேற எந்தப் பேர்ல உங்களைத் தெரியும் ஊருக்கு?"

 அன்று சாப்பிடும்போது அந்த அட்டை தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அட்டையில் கோடு போட மை தீர்ந்த பேனா. இரும்பு அளவுகோலை வைத்து அதனால் அழுத்தி இழுத்தால் மடிப்பு வெடிக்காமல் கத்திபோல விழும். பக்கங்களை எழுப்பி, அட்டையின் ஓரக் காதை மடித்துச் சொருகினால் பசையில்லாமலே பூட்டிக்கொள்ளும் ஒரு தட்டு. தட்டுக்குள் மீன். அதற்குமேல் சட்டைபோல வழுக்கி ஏறும் கண்ணாடித்தாள். முள்ளின் நுனிகளுக்கு, மீன்தொட்டிக்குக் காற்று போகும் மெல்லிய குழாயைத் துண்டு துண்டாக நறுக்கித் தொப்பி மாட்டினாள். தொங்கவிட்டுப் பார்த்தபோது மீனின் மூக்குப் பக்கம் கீழே சாய்ந்தது. பொய்மீனுக்குத் தலையில்தான் எடைக்கு ஈயம். அட்டையின் நடுவில் துளை போட்டால் சாயாமல் என்ன செய்யும்? குண்டூசியில் தொங்கவிட்டு, நேராக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, மூக்குப் பக்கமாக ஒரு விரல் தள்ளித் துளை போட்டாள். ஒரு உறைக்கு ஆன செலவு ஒரு கப் தேநீரின் விலைகூட இல்லை. அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினால், "எந்தக் கடையில வாங்கினே?" என்று கேட்டாள். மடிப்பக்காவுக்கு அதைவிட வேறு பட்டம் எதற்கு?

வியாழக்கிழமை மத்தியானம் நூறு மீனும் காய்ந்து கொடிகளில் தொங்கின. அவள் அச்சகத்திலிருந்து கடைசிக் கட்டு அட்டையோடு வந்து உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் நூறையும் உறையிட்டு அட்டைப்பெட்டியில் அடுக்கி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. கடைக்குக் கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த உறையை எடுத்துத் துடைத்தாள். உள்ளே மீன் அசையவில்லை. ஆட்டினாள். அசையவில்லை. கண்ணாடித்தாளை உருவப் பார்த்தாள். சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. வெள்ளிபோல இருந்த விலாவில், பால் ஆடை படிந்தது போல வெளுத்த திட்டு.

அவள் உள்ளே திரும்பிக் கூவினாள்.

"என்னங்க! இங்க வாங்க!"

அவர் வந்தார். மீனைப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார். அவர் கொடியைப் பார்த்த விதத்திலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"என்ன பண்ணீங்க?"

"நேத்து நீ அச்சகத்துக்குப் போனப்ப..."

"போனப்ப?"

"கண்ணாடிக்குள்ள போகப்போகுதே, இன்னும் கொஞ்சம் மின்னட்டுமேன்னு இன்னொரு கை வார்னிஷ் கொடுத்தேன். ஒரு கொடிதான். அதுக்குள்ள நீ வந்துட்டே. தொட்டுப் பாத்தேன், காஞ்சாப்பலதான் இருந்துச்சு."

"காஞ்சாப்பல! முப்பது வருஷம் பெயின்ட் பட்டறையில நின்ன மனுஷன் பேசுற பேச்சா இது? மேல காஞ்சா உள்ள காயாதுன்னு எனக்கே தெரியும்!"

"டப்பாவுல போட்டிருந்தா இந்த வேலையே செஞ்சிருக்க மாட்டேன். அந்த உறையைப் பாத்ததும் ஆசை வந்துடுச்சு."

திட்ட வாயெடுத்தவள் பெட்டியை இழுத்துத் தன் முன்னால் வைத்தாள். அவள் உறை அழகாயிருந்ததுதான் குற்றம் என்றால் யாரைத் திட்டுவது?

நூறையும் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு உறையையும் உருவும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தமில்லாமல் வந்தால் இந்தப் பக்கம். சர்ரென்றால் அந்தப் பக்கம். கடைசியில் அந்தப் பக்கம் இருபத்தாறு சேர்ந்தது. எழுபத்துநாலு நல்லது.

அவள் வெளுத்த மீன் ஒன்றைக் கையில் எடுத்தாள். ஒரு விலாதான் கெட்டிருந்தது. மறு விலா பளபளவென்று இருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாருங்க. கெட்ட பக்கத்தை அட்டைப் பக்கமாத் திருப்பி வெச்சா வெளியில தெரியாது. வாங்கிட்டுப் போய்ப் பிரிக்கிறப்பதானே..."

"வேணாம்."

"பதினெட்டாயிரம்ங்க. ஒண்ணு குறைஞ்சாலும் உங்க அக்கா..."

"வேணாம்னேன்." அவர் அட்டையிலிருந்த பறவையின் மேல் விரலை வைத்தார். "டப்பாவுல போட்டுக் குடுத்தப்ப எவன் செஞ்சான்னு யாருக்கும் தெரியாது. இப்ப என் பேரு இருக்கு. நீதான் போட்டே."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் ஒரு பேச்சில் இப்படி நின்று அவள் பார்த்ததில்லை. நிற்பதற்கு இந்த வெள்ளிக்கிழமைதானா கிடைத்தது! வெளுத்த மீனை மேசைமேல் எறிந்தாள். அது உருண்டு போய் மெஷினின் காலில் முட்டி நின்றது.

 பிறகு அவள் நல்ல மீன் ஒன்றை உறைக்குள் வைத்தாள், வெளியே எடுத்தாள். கண்ணாடித்தாளில் மீன் உரசும் இடத்தையே பார்த்தாள். இந்த எழுபத்துநாலும் காய்ந்தவைதான். ஆனால் கடைச் சுவருக்கு நேரே மேற்குக் கண்ணாடி ஜன்னல். மூன்று மணிக்கு மேல் வெயில் அடுப்பு மாதிரி இறங்கும். ஒருமுறை ஒட்டியதைப் பார்த்த கண்ணுக்கு இனிமேல் நம்பிக்கை வருமா?

"உங்க நரம்புக் கண்டு எங்க?"

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

தட்டின் இந்தப் பக்கச் சுவரில் ஊசியால் ஒரு துளை. அந்தப் பக்கச் சுவரில் ஒரு துளை. தூண்டில் நரம்பை ஒரு துளையில் நுழைத்து, மீனின் மூக்கு வளையத்தில் முடிந்து, வால் வளையத்தில் முடிந்து, மறு துளையில் வெளியே எடுத்து இழுத்துக் கட்டினாள். மீன் அட்டையையும் தொடவில்லை, கண்ணாடியையும் தொடவில்லை. சட்டையை ஏற்றித் தொங்கவிட்டாள். நரம்பு கண்ணுக்கே தெரியவில்லை. மீன் அந்தரத்தில் நின்றது. உறையை லேசாகத் தட்டினால் இடுப்பை ஆட்டியது.

அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"நீந்துதுடி."

"நீந்தட்டும். நீங்க முடிச்சுப் போடுங்க. நான் துளை போடுறேன். வாயைத் திறக்கக் கூடாது."

அன்று காலை அந்தக் கைகள் வேலை செய்ததை மாத்திரைக் கம்பெனிக்காரர்கள் பார்த்திருந்தால், கடிகாரத்தோடு யந்திரத்தையும் அவளுக்கே கொடுத்திருப்பார்கள். உச்சி வெயிலில் எழுபத்துநாலு உறையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கணவரை வீட்டில் விட்டாள். "உங்க அக்கா சீக்கிரமே வந்துட்டா நாற்காலி போட்டு உக்கார வைங்க. மெஷின் பக்கத்துல போட்டுத் தொலைக்காதீங்க."

வழியெல்லாம் அவள் மனதுக்குள் ஒரே கணக்கு. எழுபத்துநாலை நூற்று எண்பதால் பெருக்கினால் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். நாத்தனார் சொச்சத்துக்கெல்லாம் மசியமாட்டாள். ஒன்றுக்கு இருநூற்று நாற்பத்தைந்து கிடைத்தால்தான் தப்பலாம். கொடுப்பாரா? உறைக்குள் நீந்தும் மீனை நினைத்தால் தெம்பு வந்தது. கடைக்காரரின் முகத்தை நினைத்தால் போனது.

கடையில் கூட்டம். நாளை ஏரி திறப்பதற்கு இன்றே தூண்டிலும் நரம்புமாக ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். சுவரின் நடுவில் அவளுக்காகக் கொக்கிகளைக் காலியாக விட்டிருந்தார். அவள் கேட்காமலே உறைகளை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினாள். மாட்டி முடித்தபோது கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ஒரு உறையைத் தட்டினார். ஆடியது. மறுபடி தட்டினார். எடுத்துத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், விளிம்பை நகத்தால் தடவினார், முள் குத்துகிறதா என்று உள்ளங்கையால் அழுத்தினார். குத்தவில்லை.

"எங்க செஞ்ச?"

"வீட்டுல."

"பொய் சொல்லாத."

"பொய்மீன்தாண்ணே விக்கிறேன். பொய் விக்கிறதில்ல."

அவர் சிரித்துவிட்டு எண்ணினார். சிரிப்பு நின்றது. "நூறு சொன்னேன். எழுபத்துநாலு இருக்கு."

"இருபத்தாறு சரியா வரலை. வராததை நான் உங்க சுவத்துல மாட்டமாட்டேன். அதனால விலை இருநூத்தி நாப்பத்தஞ்சு."

"என்னது?" அவர் குரலில் கடையே திரும்பிப் பார்த்தது. "எண்ணிக்கை குறைஞ்சா விலையும் குறையணும். நீ ஏத்துற! நூத்தி எண்பதுன்னு பேசினோமா இல்லையா?"

"வெளியூர்க்காரன் மாதிரி உறையில போட்டா நூத்தி எண்பதுன்னு பேசினோம். இது அந்த மாதிரியா இருக்கு? அவன் மீனெல்லாம் செத்துக்கிடக்கு. என் மீன் ஆடுது."

"ஆடினா? இருநூறு. அதுக்குமேல ஒத்தைப் பைசா கிடையாது."

 இருநூறு என்றால் பதினாலாயிரத்து எண்ணூறு. மெஷின் போகும். சரி என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அந்த நாக்கைப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு, சுவரருகே போனாள். ஒரு உறையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். இன்னொன்றைக் கழற்றினாள். இன்னொன்று. அவசரமில்லாமல், மாத்திரைப் பெட்டி அடுக்குவதுபோல் அடுக்கினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றாள். ஒரு வரிசை காலியானது. சுவரின் நடுவில் பல் விழுந்த வாய்போல வெறுங்கொக்கிகள் தெரிந்தன.

 இரண்டாவது வரிசையும் காலியானது.  இவர் கூப்பிடாவிட்டால்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? இந்த ஊரில் வேறு எந்தக் கடைக்காரன் கையோடு காசு கொடுப்பான்?

"நாளைக்கு ஏரி திறக்கிறப்ப என் சுவத்தை மொட்டையாக்கிட்டுப் போறியாம்மா?"

அவள் திரும்பாமலே சொன்னாள். "சுவரு உங்களுது. மீன் என்னுது."

"இருநூத்தி இருபது."

அவள் மூன்றாவது வரிசையில் கை வைத்தாள்.

"ஏம்மா, ஏம்மா! எடுக்காத. நிறுத்து. நீ சொன்ன விலையே குடுக்கிறேன்." அவர் கல்லாவுக்கு நடந்தார். "இந்தப் பிடிவாதத்தை வெச்சுக்கிட்டு உன் புருஷன் எப்படித்தான் காலம் தள்ளுறாரோ!"

"அவர் கத்துக்குடுத்ததுதாண்ணே. இன்னைக்குக் காலையிலதான்."

பணத்தை வாங்கி, இரண்டு தடவை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள். உறைகளைத் திரும்ப மாட்டியது கடைக்காரரேதான். அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை.

வீட்டு வாசலில் சின்ன வண்டி நின்றது. பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஸ்பானர் திருகும் சத்தம். அவள் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனாள். நாத்தனார் நாற்காலியில், மெஷினுக்கு நேர் எதிரே. கணவர் சுவரோடு சாய்ந்து நின்றார். வண்டிக்காரன் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். மூன்று போல்ட் தரையில் கிடந்தது. நாலாவது பாதி வெளியே வந்திருந்தது.

"அண்ணி, சாயங்காலம்னு சொன்னீங்க."

"இதுதான் சாயங்காலம். உங்க வீட்டுக் கடிகாரத்துல மட்டும் இல்லபோல."

"கடிகாரம் பிந்தும். நான் பிந்தமாட்டேன்." மூச்சு வாங்க முந்தானை முடிச்சை அவிழ்த்து, நோட்டுக் கட்டை எடுத்தாள். நாத்தனாரின் பார்வை கட்டின் மேல் விழுந்து அங்கேயே தங்கியது.

"முழுசுமா?"

"முழுசும்."

நாத்தனார் எழுந்து கையை நீட்டினாள். மடிப்பக்கா கொடுக்கவில்லை. வண்டிக்காரனிடம் திரும்பினாள்.

"தம்பி, எடுத்த போல்ட்டை எல்லாம் எடுத்த இடத்துலேயே முடுக்கு."

"பாத்தியாடா உன் பொண்டாட்டியை? காசைக் காட்டிட்டு வேலை வாங்குறா," என்றாள் நாத்தனார் தம்பியிடம். ஆனால் கையை மடக்கவில்லை. வண்டிக்காரன் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் போல்ட்டைப் பொறுக்கினான்.

ஒன்று ஏறியது. இரண்டு ஏறியது. மேசையில் கழன்ற உறை ஒன்று கிடந்தது. கணவர் அதை எடுத்து, அக்காவுக்குக் காட்டினார். அவள் ஒரு கையை நீட்டியபடியே மறு கையால் வாங்கிப் பார்த்தாள். ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கண்ணாடிச் சட்டைதான். ஆனாலும் பறவையை உற்றுப் பார்த்தாள்.

"இது யாரு, நீயாடா?"

"ஆமாக்கா."

"கழுத்து சரியாத்தான் இருக்கு."

மூன்றாவது ஏறியது. நாலாவது இறுகி நின்றது. மடிப்பக்கா மெஷினை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். மேசை அசைந்தது, மெஷின் அசையவில்லை. அப்புறம்தான் திரும்பினாள். கட்டை விரலை நாக்கில் நனைத்துக்கொண்டு, நாத்தனாரின் விரிந்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி வைத்தாள்.